பழைய தளமும் புதிய உலாவியும்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்து கர்நாடகத்திற்குள் நுழையும் உதிரிப் பாகம் சில கல் தொலைவே பயணம் செய்கிறது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் கணக்கில் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு இவ்வாறு எல்லை கடக்க இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டு வேண்டும் என்னும் விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்து நிறுவனம் அடுத்த மாநிலத்துப் பட்டறைக்கு அனுப்பும் பொருளுக்கு இந்த மதிப்பு வரம்பும் கிடையாது. சிறு பெட்டிக்கும் அரசின் இணையதளத்தில் சீட்டு எடுத்தாக வேண்டும். அதனால் சிப்காட், சிட்கோ வளாகங்களின் சிறு பட்டறைகளுக்கு இணைய உலாவி தவிர்க்க முடியாத தொழிற்கருவியாகிவிட்டது. உலாவி அரசுத் தளத்தைத் திறக்க மறுத்தால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

இத்தகைய பட்டறைக் கணினிகளில் ஓடக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் தமிழகத்திற்குப் புதிதன்று. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்ட பாஸ் இயங்குதளத்தைச் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் அதுவும் மாணவர் கைக்குச் சென்றது. உரிமக் கட்டணம் இல்லாமையும் பழைய பொறியிலும் இயங்கும் எளிமையும் லினக்சுக்கு இடம் தேடித் தந்தன. நெடுங்காலம் உழைக்கும் பொறியில் இயங்குதளமும் மூப்படைகிறது. அப்போது எழும் முதல் சிக்கல் உலாவியைப் பற்றியதே.

பழைய உலாவி தோற்பது ஏன்? கணினியும் அரசுத் தளமும் பேசிக்கொள்ளும் செய்தி டிஎல்எஸ் என்னும் மறையாக்க நெறியால் காக்கப்படுகிறது. அதன் 1.2 பதிப்பு 2008இல் வெளிவந்தும், பயர்பாக்ஸ் உலாவியில் இயல்பாகச் செயற்பட்டது 2014இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்தே. 1.0, 1.1 பதிப்புகளை முன்னணி உலாவிகள் 2020இல் கைவிட்டன. அவற்றை மட்டுமே அறிந்த உலாவிக்கு இன்றைய இணையதளங்கள் மறுமொழி தருவதில்லை. எனினும் ஒவ்வொரு தோல்விக்கும் உலாவி மீது பழி போடலாகாது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கணினியின் நாட்காட்டி பல்லாண்டு பின்னோக்கிப் போய்விடும். அப்போது இணையதளத்தின் அடையாளத்தைக் காட்டும் செல்லத்தக்க சான்றிதழும் 'இன்னும் காலம் தொடங்காதது' எனத் தள்ளப்படும். திரையின் மூலையில் தெரியும் தேதியை முதலில் பார்ப்பது நல்லது.

தேதி சரியாக இருந்தும் இணையதளம் திறக்கவில்லையெனில் புதிய உலாவியே வழி. அதை இறக்கிச் சொடுக்கினால் பழைய இயங்குதளம் பெரும்பாலும் ஒரே வரியில் மறுத்துவிடும்: 'ஜிலிப்சி, இந்த எண்ணுடைய பதிப்பு காணப்படவில்லை.' இந்த வரியில்தான் சிக்கலின் அறிவியல் இருக்கிறது.

லினக்ஸ் தளம் அடுக்குகளால் ஆனது. அடியில் வன்பொருளை ஆளும் கெர்னல், அதன்மேல் எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஜிலிப்சி நூலகம், அதற்கும் மேல் சாளரங்களை வரையும் ஜிடிகே, உச்சியில் உலாவி. ஜிலிப்சியின் ஒவ்வொரு செயற்கூறும் ஒரு பதிப்பு எண்ணைத் தாங்கியிருக்கிறது. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றோர் இடத்திற்குப் படியெடுக்கும் மெம்சிபிஒய் என்னும் செயற்கூற்றைப் பாருங்கள். 2010இல் அதை விரைவாக்கியபோது, அதை முறைதவறிப் பயன்படுத்திவந்த பிளாஷ் செருகியின் ஒலி சிதைந்தது. ஆகவே 2011இல் வந்த 2.14 பதிப்பில் அக்கூற்றுக்குப் புதிய எண் தரப்பட்டது. பழைய நிரல்களுக்காகப் பழைய எண்ணுடைய வடிவமும் உடன் வைக்கப்பட்டது. பட்டறைக்கு வரும் வரைபடத்தில் திருத்த எண் இருப்பது போன்றதே இது: திருத்திய வரைபடத்தின்படி செய்த பாகம் பழைய ஜிக்கில் உட்காராது.

இந்த ஏற்பாடு ஒரு திசையில் மட்டுமே காக்கிறது. பழைய நிரல் புதிய நூலகத்தில் ஓடும். புதிய நூலகத்தை நோக்கிக் கட்டிய நிரல் பழையதில் ஓடாது. டெபியன் 7இல் உள்ள ஜிலிப்சி 2.13. அண்மைக்காலப் பயர்பாக்ஸ் குறைந்தது 2.17ஐயும் ஜிடிகே 3.14ஐயும் கேட்கிறது. டெபியன் 8 இரண்டையும் நிறைவு செய்கிறது; டெபியன் 7 இரண்டிலும் தவறுகிறது.

இனிப் பழுதுபார்ப்போர் செய்யத்தக்கது என்ன? முனையத்தில் எல்டிடி கட்டளையால் ஜிலிப்சியின் பதிப்பை அறியலாம். எல்எஸ்சிபியூ கட்டளை செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்று காட்டும். கோர் 2 டியோ போன்ற செயலி 64 பிட் திறன் கொண்டிருந்தும், பல கணினிகளில் 32 பிட் தளமே நிறுவப்பட்டிருக்கும். குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்சைக் கைவிட்டது. பயர்பாக்சும் 145ஆம் பதிப்போடு விலகியது. இத்தகைய பொறிக்கு 64 பிட் தளத்தைப் புதிதாக நிறுவுவதே நிலையான தீர்வு.

நூலகம் போதுமான அளவு புதியதாயின், பயர்பாக்சை உருவாக்கும் மொசில்லா தரும் பொதியை 'ஆப்ட்' கோப்புறையில் விரித்து அங்கிருந்தே இயக்கலாம்; தளத்தின் பழைய உலாவியும் கலையாமல் இருக்கும். பயர்பாக்ஸ் வேர்ச் சான்றிதழ்களைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் தளத்தின் பழைய சான்றிதழ்த் தொகுப்பு அதற்குத் தடையாகாது. ஆனால் புதிய பதிப்பு ஒருமுறை கையாண்ட பயனர் கோப்புகளைப் பழைய பதிப்பு ஏற்காது. ஆகவே சேமித்த கடவுச்சொற்களை முன்னரே படியெடுத்து வைக்க வேண்டும். மற்றொரு வழி பிளாட்பேக்: வேண்டிய நூலகங்களை உலாவியோடு சேர்த்தே அடைத்துத் தருவது. வட்டில் கூடுதல் இடமும் ஓரளவு புதிய கெர்னலும் அதற்குத் தேவை.

செய்யவே கூடாதது ஒன்றுண்டு: உலாவிக்காக ஜிலிப்சியை மட்டும் பெயர்த்துப் புதியதை வைப்பது. கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளை முதல் உள்நுழைவு வரை எல்லாம் அதையே நம்பி நிற்கின்றன. பாதி மாறிய நூலகத்தோடு கணினி எழாமலே போகலாம்.

உலாவி புதிதாக ஓடத் தொடங்கியதும் தளமும் காப்புப் பெற்றுவிட்டது என்று கருதுவது பிழை. டெபியன் 7க்கான நீண்டகால ஆதரவு 2018 மே மாதத்திலும், டெபியன் 10க்கானது 2024 சூனிலும் முடிந்தன. அதன்பின் கெர்னலில் காணப்படும் ஓட்டைகளை எந்த உலாவியும் அடைக்காது. ஆகையால் பட்டறைகள் வேலையைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. சிஎன்சி இயந்திரத்திற்குத் தொடர் கம்பி வழியே நிரல் அனுப்பும் கணினி, இணைய இணைப்பின்றிப் பழைய தளத்திலேயே தன் பணியைச் செய்யட்டும். அதற்கு உலாவியே வேண்டாம். வரிக்கணக்கும் வங்கிக்கணக்கும் நடக்கும் கணினிக்கோ உலாவியை மட்டும் புதுப்பிப்பது சில மாதங்களுக்கான தவணையே. அந்தத் தவணைக்குள் தளத்தையும் மாற்றிவிட வேண்டும்.