தாத்தா விட்டுப்போன துண்டு

கனவு வீடியோ கேம் எது என்று கேட்டால், விளையாட்டில் ஊறியவர்கள் அநேகமாக வகைகளை அடுக்கித்தான் பதில் சொல்வார்கள். பயிர் வைக்கும் ஆட்டத்தின் நிதானம் வேண்டும், தொழிற்சாலை கட்டும் ஆட்டத்தின் கணக்கு வேண்டும், கொஞ்சம் புதிர், கொஞ்சம் சண்டை, நல்ல கதை. பிடித்ததெல்லாம் ஒரே திரையில். ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்த வகைகளை எந்த இடத்தில் வைத்துத் தைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 2008இல் வெளிவந்த ‘ஸ்போர்’ இந்த ஆசையின் பெரிய பரிசோதனை. ஒற்றைச் செல் உயிராகத் தொடங்கி, விலங்காகி, கூட்டமாகி, நாகரிகமாகி, விண்வெளிக்குப் போகும் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை ஆட்டம். ஒரு கட்டம் முடிந்ததும் அதன் விதிகள் பெரும்பாலும் கழற்றி வைக்கப்பட்டன. ஐந்து சிறிய ஆட்டங்களை வரிசையாக ஆடிய உணர்வே மிஞ்சுகிறது என்ற விமர்சனம் அன்றே வந்தது. 2023இல் கொரியாவிலிருந்து வந்த ‘டேவ் த டைவர்’ அடிப்படையில் இரண்டு வகைகளைத்தான் எடுத்துக்கொண்டது. பகலில் கடலுக்குள் இறங்கி மீன் பிடிக்க வேண்டும். இரவில் அந்த மீனை வைத்தே சூஷிக் கடை நடத்த வேண்டும். கடையில் எது தீர்ந்ததோ அதுவே மறுநாள் எவ்வளவு ஆழம் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு வகையின் விளைச்சல் இன்னொரு வகையின் நெருக்கடியாக மாறும்போதுதான் இரண்டும் கலக்கின்றன.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு வகையும் நிலம் யாருடையது, உழைப்பது யார், வெளியேற வழி உண்டா என்ற மூன்றுக்கும் ஏற்கெனவே ஒரு விடையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யில் தாத்தா பேரனுக்கு ஒரு கடிதமும் ஒரு பண்ணையும் விட்டுச் செல்கிறார். ஆட்டத்தின் இனிமை முழுவதும் அந்த உடைமையிலிருந்து பிறக்கிறது. ‘ஃபாக்டோரியோ’வில் கண்ணுக்கெட்டிய தூரம் தொழிற்சாலை விரிகிறது, தொழிலாளி என்று ஒருவர்கூட இல்லை. 2002இல் வந்த ‘புவேர்ட்டோ ரிக்கோ’ என்ற ஜெர்மன் பலகை ஆட்டத்தில் கரும்பு, புகையிலை, கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் பழுப்பு நிற வட்டுகள் வந்திறங்கும். ஆட்ட விதி அவற்றைக் ‘குடியேறிகள்’ என்று அழைத்தது. அந்தப் பெயரின் அடியில் அடிமை முறை கிடப்பதைப் பலர் சுட்டிக்காட்டிய பிறகு, 2022இல் வந்த பதிப்பு கதையை அடிமை ஒழிப்புக்குப் பிந்திய 1897க்கு நகர்த்தியது. எதிர்த் திசையிலும் சான்று உண்டு. எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டம், நிலவுடைமை எப்படி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட விதிகளைக் கொண்டது. அதன் வாரிசுதான் இன்று எல்லோரும் நிலம் சேர்த்து மகிழும் ‘மொனாப்பொலி’. விதி ஒரு கருத்தைச் சொல்லும். அதை ஆடுகிறவர் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

ஆகவே என் கனவு ஆட்டத்துக்கு முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த இடம் எந்த வகைகளைக் கேட்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. இடம் ஹேவாஹெட்ட. கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஏறும் மலைப்பக்கம். இங்குள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் வணிக நோக்கோடு தேயிலை நட்டார். பங்களா விறாந்தையில் மேசை மேல் கொழுந்தைக் கையால் உருட்டித் தொடங்கியவர், 1872இல் சொந்தமாக அமைத்த உருட்டு இயந்திரத்தோடு முழுமையான ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஒன்றையே நிறுவினார். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபோது, மாற்றுப் பயிர் அவர் கையில் தயாராக இருந்தது. 1892இல் இறந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கமானார். இந்தக் கதையை ஒரு ஆட்டமாக்குவது சுலபம். நோய் வரும் முன் பயிரை மாற்று, இயந்திரம் கண்டுபிடி, லண்டனுக்கு அனுப்பு. பண்ணையும் தொழிற்சாலையும் சேர்ந்த அந்த ஆட்டம் நன்றாகவே விற்கும் என்றும் ஒத்துக்கொள்கிறேன். கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாட்ட வேண்டும். உருட்டிய பின் காற்றுப் பட்டு நிறம் மாறும் கணத்தைப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் ருசி கெடும், முந்தினால் பச்சை வாடை நிற்கும். ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தின் இயந்திரங்களைப் பார்த்தாலே வடிவமைப்பாளருக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் அது பங்களா விறாந்தையிலிருந்து பார்த்த ஆட்டம். தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து பார்த்தால் முதல் விதியே வேறு. இங்கே தாத்தா விட்டுச் சென்றது பண்ணையில்லை, கடன். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார்; அடுத்த தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கட்டிய தொகை ஆட்களின் கணக்கில் ஏறும். கங்காணி வழியே ஏறிய கடன் ஆளைத் தோட்டம் தோட்டமாகத் துரத்தியது. 1921இல் சட்டம் இதை ஒழித்தது. வீடியோ கேம் உலகில் இதற்கு நேர் எதிரான ஒரு வகை உண்டு. 1980இல் வந்த ‘ரோக்’ என்ற ஆட்டத்தின் வழிவந்தவை அவை. செத்தால் எல்லாம் போய், உலகம் புதிதாகத் தொடங்கும்; பின்னால் வந்தவற்றில் செத்தாலும் ஏதேனும் ஒரு வலிமை அடுத்த பிறவிக்கு மிஞ்சும். ஹேவாஹெட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு பிறவியும் ஒரு தலைமுறையாக இருக்கட்டும். மிஞ்சுவது வலிமைக்குப் பதிலாகத் துண்டு. பழகிப்போன ஒரு விதியின் குறியை மட்டும் மாற்றினால் போதும், ஆடுகிறவர் பண்ணை விளையாட்டுக்கென்று கற்றுவைத்த பழக்கமெல்லாம் தலைகீழாகிவிடும்.

தையல் விழ வேண்டிய இடம் தராசு. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக் கலைந்ததும் நிரையில் கொழுந்து பறிக்கும் பகுதி விரல் வேகத்தின் ஆட்டம். இரவில் ஸ்டோர் பகுதி கணக்கின் ஆட்டம். இரண்டுக்கும் நடுவே தராசு தொங்குகிறது. ஸ்டோருக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். பறிப்பவருக்கு வேண்டியது நிறை. பல தோட்டங்களில் நாளுக்கு 16, 18 கிலோ என்று வைத்திருக்கும் அளவை எட்டாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலி. முற்றிய இலை கனக்கும், ஆனால் தேநீரைக் கெடுக்கும். மழை நாளில் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கிலோக்கள் கழிக்கப்படும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் தராசில் கழியும் ஒவ்வொரு கிலோவும் மலையிலும் ஸ்டோரிலும் வேறு வேறு கணக்காக விழும். அளவை எட்ட முற்றிய இலையைப் பறித்தால் தரம் சரியும், கொழும்பு ஏலத்தில் விலை சரியும், அடுத்த வாரம் தோட்டம் அளவை இறுக்கும். ‘டேவ் த டைவர்’ செய்ததையே இதுவும் செய்கிறது. ஒரு வேறுபாடு: அங்கே மீன் பிடிப்பவரும் கடைக்காரரும் ஒரே அணி. இங்கே தராசின் இரு பக்கமும் ஒரே ஆள் நிற்பதில்லை. ஆடுகிறவர் பகலில் ஒருவராகவும் இரவில் மற்றவராகவும் இருந்து, தனக்கெதிராகத் தானே அளவை இறுக்க வேண்டி வரும்.

மூன்றாவது வகையைச் சட்டமே எழுதித் தந்திருக்கிறது. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் அலுவலரின் ஆட்டம். முத்திரை குத்துவதே அதில் உச்சக்கட்டப் பதற்றம். மலையகத்தில் அந்த மேசையின் மறுபக்கத்தில் நின்றவர்கள் இலட்சக்கணக்கானோர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த சட்டத்தின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, 1946 தொடங்கும் முன் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேருக்கே அது கிடைத்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். எண்களால் மனிதரைப் பிரித்த இந்த ஒப்பந்தத்தை எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் கற்பனை செய்து எழுதத் துணிந்திருக்க மாட்டார். ஆட்டத்தில் இதற்கான தையல் காலத்தில் விழும். முந்தைய தலைமுறையில், நோயுற்ற தாயைப் பார்க்கத் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் நெடுங்காலம் தங்குவது ஆடுகிறவருக்குச் சரியான, அன்பான முடிவாகத் தோன்றும். அடுத்த தலைமுறையின் விண்ணப்பத்தில் அதுவே ‘இடைவிடாது’ என்ற சொல்லில் விழும் ஓட்டை. முன்பு தோட்டம் கொடுத்த எந்தக் கடுதாசியை லயத்துப் பெட்டிக்குள் வைத்தோம், எதை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்தோம் என்பது இருபது ஆண்டு கழித்துத் தெரியவரும்.

இங்கே எழும் முதல் மறுப்பு கடுமையானது. மக்கள் பட்ட பாட்டை விரல் நுனிப் பொழுதுபோக்காக்குவதா? இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது; பாடுபட்டவரை வெறும் பாடுபட்டவராக மட்டும் காட்டும் ஆட்டத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் இதே ஹேவாஹெட்டவின் முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. ஜனவரி 10இல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதைச் சுற்றி எழுந்த தகராறு, ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையில் மூண்டு, அமைச்சர்கள் பதவி விலகும் வரை போனது. இதை எந்த வகையில் ஆடுவது? சண்டை ஆட்டம் பொருந்தாது. கோவிந்தனை நாயகனாக்கித் துப்பாக்கி கொடுத்தால் அதுதான் அவமரியாதை. நம் திண்ணைகளிலேயே அதற்கான வகை கோட்டுப்படமாகக் கிடக்கிறது: ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது. ஒற்றை ஆட்டுக்கு எந்தச் சக்தியும் இல்லை. ஆடுகள் சேர்ந்து வழியை அடைத்தால் புலி அசைய முடியாமல் போகும், அதுதான் வெற்றி. இரு தரப்புக்கும் ஒரே விதியில்லாத ஆட்டத்தைக் கிராமத்துப் பிள்ளைகளே ஆடிவந்திருக்கிறார்கள். வேலைநிறுத்தக் கட்டத்தில் திரை ஓர் ஆளை விட்டு முழு லயத்துக்கும் விரிய வேண்டும். எத்தனை ஆடுகள் களத்தில் நிற்கும் என்பதை அதுவரை ஆடிய ஆட்டம் தீர்மானிக்கட்டும்: அரிசி தீர்ந்த வீட்டுக்குக் கடன் கொடுத்தோமா, தராசடியில் பக்கத்து நிரைக்காரிக்காக வாய் திறந்தோமா.

பாடு பேசும் ஆட்டம் பொழுதுபோக்காகத் தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்குத் தமிழிலேயே ஒரு பதில் இருக்கிறது. கனடாவில் ஒரு சிறிய குழு உருவாக்கி 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1988இல் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. வகை என்று பார்த்தால் சமையலும் கதையும். அம்மாவின் சமையல் புத்தகத்தில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். அழிந்த வரியே புதிர், அதுவே பிரிவின் கதையும். யாரும் அதைக் கேலிப் பொருளாகப் பார்க்கவில்லை. 2024இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இன்னொரு மறுப்பான ‘இத்தனை வகைகளை யார் செய்து முடிப்பது’ என்பதற்கும் அதுவே பாதிப் பதில்: ‘வெண்பா’ ஒரே மாலையில் முடிந்துவிடும் அளவுதான். பரோனும் போப்பும் தனியாட்கள். ஒரு தோட்டம், ஒரு டிவிஷன், ஒரு தராசு, நான்கு தலைமுறை; இணையம் இல்லாமலே தொலைபேசியில் ஓட வேண்டும். இதற்குமேல் ஆசைப்பட்டால் ‘ஸ்போர்’ வழியில்தான் போய் நிற்போம்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கடன் பரம்பரையாக வரும், காகிதம் காணாமல் போகும், தராசு கழிக்கும் என்றால் தோற்பதற்கென்றே செய்த ஆட்டமாயிற்றே, யார் ஆடுவார்? வெல்லவே முடியாத ஆட்டத்தை உலகம் ஆடாது என்பது உண்மையில்லை. 1984இல் பிறந்த ‘டெட்ரிஸ்’ முடிவில் பெரும்பாலும் தோல்விதான், நாற்பது ஆண்டுகளாக ஆடுகிறார்கள். இருந்தாலும் வரலாறே ஒரே தோல்வியாக நின்றுவிடவில்லை என்பதால் ஆட்டமும் அப்படி நிற்கக் கூடாது. துண்டு போனது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாய் ஆனது. வாக்கும் அட்டையும் வந்த பிறகும் வராதது நிலம். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. எழுந்து போய் வீடு கட்டச் சொந்தமாக ஒரு துண்டு மண் அங்கிருந்தவர்களிடம் இல்லை. பண்ணை ஆட்டங்களில் வீட்டைத் தூக்கி வேறிடத்தில் வைக்க ஒரு பொத்தான் போதும்.

அதனால் கடைசித் தலைமுறையில்தான் பண்ணை வகையைத் திறக்க விடுவேன். அதுவரை பயிர் வைக்கும் பட்டியல் மங்கலாகவே கிடக்கும். மலையக வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு என்று பேசப்பட்ட அளவு ஏழு பேர்ச், அதாவது சுமார் 177 சதுர மீட்டர். அதில் இந்திய உதவியில் கட்டிய வீடு 550 சதுர அடி, 51 சதுர மீட்டர். திரையில் ஒரு கட்டம் ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால் மிஞ்சுவது 126 கட்டங்கள். அதற்குள் பாதையும் கக்கூஸும் போக, கறிவேப்பிலை எங்கே, போஞ்சி எங்கே, மழைநீர் ஓடும் கான் எங்கே என்று ஆடுகிறவர் முடிவு செய்யலாம். உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் என்பதைக் காகித ஆட்டம் கேட்கும். காலையில் தராசுக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதை அந்தப் போஞ்சிப் பந்தல் முதல் முறையாகப் பேரம் பேசும்.