நாற்பது நாளா, நாற்பத்தைந்து நாளா?

சிலிண்டர் என்ன விலை என்று போடி பக்கத்துப் பொட்டிபுரத்தில் யாரிடம் கேட்டாலும் காசு சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள். போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று கேட்டால், ‘ஒரு மாசம், ஒன்றரை மாசம் வரும்’ என்று பதில் இழுபடும். வீட்டின் கேஸ் செலவு தீர்மானமாவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். 2025 ஏப்ரல் 8 அன்று வீட்டு சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியது, சென்னையில் 818.50 ரூபாயாக இருந்தது 868.50 ஆனது. ஊருக்கு ஊர் லாரி வாடகையால் சில ரூபாய் மாறும், கணக்குக்கு அந்த 2025 விலையையே வைத்துக்கொள்வோம். 14.2 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 61 ரூபாய். 45 நாள் வந்தால் ஒரு நாள் சமையலுக்கு 19 ரூபாய் சொச்சம், 40 நாளில் தீர்ந்தால் 22 ரூபாய் தொடும். மூன்று ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் 45 நாள் வரும் வீட்டுக்கு வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் போதும், 40 நாள் வீட்டுக்கு ஒன்பது வேண்டும். அந்த ஒரு சிலிண்டரின் விலை 868 ரூபாய். ஊரே பேசிய 50 ரூபாய் உயர்வோ, ஒன்பது சிலிண்டருக்கும் சேர்த்து 450 ரூபாய்தான்.

விலையேற்றத்துக்கு வக்காலத்து வாங்குவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 மார்ச்சில் சென்னையில் 1,118.50 ரூபாய் விற்ற சிலிண்டர் அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைந்தது; 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றபோது, இன்னொரு 100 ரூபாய் குறைந்தது. நாட்டில் எரியும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. சவுதி அரேபியா மாதந்தோறும் அறிவிக்கும் விலையும் டாலரும் ஒரு பக்கம், தேர்தல் காலண்டர் மறுபக்கம். இதில் எதுவும் போடிக்காரர் கையில் இல்லை. கையில் இல்லாததைப் பற்றி நாள் முழுக்கப் பேசி, அடுப்பின் திருகை மறந்துவிடுகிறோம் என்பதே என் வாதம்.

அந்த ஐந்து நாள் எங்கே போகிறது? ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, அடுப்பு ஒழுங்காக எரிந்தால், 11 கிராம் கேஸ் போதும். காசில் 67 பைசா. ஐஎஸ்ஐ முத்திரை வேண்டுமானால் அடுப்பு எரியும் சூட்டில் குறைந்தது 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அது சோதனைச் சாலையில். வீட்டில் சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீ நாக்கு பக்கவாட்டில் ஏறி கைப்பிடியைக் கருக்கும்போது, சூட்டில் பெரும்பங்கு சமையலறைக் காற்றைத்தான் சூடாக்குகிறது. கொதி வந்த பிறகும் பலர் தீயைக் குறைப்பதில்லை. கொதிக்கும் தண்ணீர் மேலும் சூடாகாது, ஆவியாகத்தான் போகும்; சிம்மில் வைத்து மூடி போட்டாலும் பருப்பு அதே நேரத்தில்தான் வேகும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கரிப்பிடித்தால், பர்னரின் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மலையில் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். அடிவாரத்து முந்தலிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடிமெட்டை அடைந்தால், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிப்பது லாபம் போலத் தெரியும். ஆனால் குறைந்த சூட்டில் பருப்பும் அரிசியும் வேக நேரம் அதிகம். திறந்த பாத்திரத்தில் சமைக்கும் எஸ்டேட் லயத்து வீடு, அடிவாரத்து வீட்டைவிடக் கூடுதல் கேஸ் எரிக்கத்தான் வேண்டும். குக்கர் வைத்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும், மேட்டிலும் உள்ளே 115 டிகிரிக்கு மேல் போகும். மலை வீட்டில் குக்கரை வசதிப் பொருளாகப் பார்ப்பது தவறு. வண்டிச் செலவும் இருக்கிறது. பில்லுக்கு மேல் 50 ரூபாய் கொடுத்து சிலிண்டரை ஏற்றுகிறவர், 2025-இன் விலை உயர்வை இரண்டாம் முறை தன் கையால் கொடுக்கிறார் என்று பொருள். அதையும் செலவில் எழுத வேண்டும். சிலிண்டர் வாசலுக்கு வந்ததும் எடை போட்டுக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. வெற்று எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், அதோடு 14.2 கூட்டினால் வர வேண்டிய எடை தெரியும்.

இண்டக்ஷன் அடுப்புக்கு மாறலாமே என்பார்கள். ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலையை இண்டக்ஷனில் செய்ய ஏறத்தாழ 9.7 யூனிட் வேண்டும். யூனிட்டுக்கு 6 ரூபாய் 30 காசுக்குக் கீழே கட்டுகிறவருக்கு மின்சாரம் லாபம், மேலே போனால் கேஸ். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடு யோசித்துத்தான் மாற வேண்டும். குழாய் கேஸ் என்றாவது இந்தப் பக்கம் வந்தாலும் இதே அளவுகோல்தான்: ஒரு சிலிண்டரின் சூடு சுமார் 18 கன மீட்டருக்குச் சமம், ஆக கன மீட்டர் 48 ரூபாய்க்குக் கீழே இருந்தால் குழாய் மலிவு.

கனமான ஆட்சேபம் விறகிலிருந்து வருகிறது. மலைச்சரிவில் சுள்ளி சும்மா கிடைக்கும்போது 868 ரூபாய் எதற்கு? மூன்று கல் அடுப்பு விறகின் சூட்டில் எட்டில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. ஒரு கிலோ கேஸுக்கு ஈடாக 16 கிலோ விறகு எரிய வேண்டும். 22 கிலோ தலைச்சுமை ஒன்று 1.4 கிலோ கேஸுக்குச் சமம், அதாவது 85 ரூபாய். அரை நாள் காட்டுக்குள் நடந்து சுமந்து வந்த கூலி அது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற நாளில் யாரும் அந்தக் கூலிக்கு ஒப்ப மாட்டார்கள். ஆனால் தோட்டத்தில் வேலை இல்லாத வாரத்தில் அந்த அரை நாளுக்கு வேறு கூலி கிடையாது, 868 ரூபாயை மொத்தமாக எடுத்துவைக்கவும் வழியில்லை. உஜ்வலா திட்ட இணைப்புக்கு 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாய் மானியம் உண்டுதான். அது முழுப் பணத்தைக் கட்டிய பிறகு வங்கிக்கு வருவது. அந்த வீட்டுக்குக் கிலோ விலையைவிட ஒரே தடவையில் நீட்ட வேண்டிய தொகைதான் பெரிசு. 5 கிலோ வீட்டு சிலிண்டர் என்று ஒன்று இருப்பதை ஏஜென்சியில் கேட்டு வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.