படுக்கும் அறையில் கங்குச் சட்டி வேண்டாம்



நம்ம நீலகிரியில் டிசம்பர், ஜனவரி வந்தாலே உறைபனிதான். பழைய ஓட்டு வீடு, தகரக் கூரை போட்ட லைன் வீடு என்றால் அறைக்குள்ளும் நடுக்கம். அதனால் பல வீடுகளில் கரியைச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறையில் வைக்கிறோம். "புகை அடங்கிடுச்சே, வெறும் கங்குதானே" என்று கதவையும் சாத்திவிடுகிறோம்.

ஆபத்தே அங்கேதான். கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேரவிடாது. தூங்குகிறவர் எழாமலே இறந்துபோகலாம். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்போ குளிருக்கு என்ன செய்வது? செலவு குறைந்த வழிகள் இருக்கு:

1. பகலில் வெயில் விழும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் இறங்குமுன் சாத்தி, கெட்டித் துணியில் திரை போடுங்கள்.

2. பழைய சேலையில் கந்தல் துணியை அடைத்து நீளமாகத் தைத்து, கதவின் அடி இடுக்கில் வையுங்கள்.

3. தரையில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் ஜமுக்காளம் விரியுங்கள்.

4. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள்.

ஹீட்டர் வாங்கலாமா என்றால், 1000 வாட் ஹீட்டர் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். படுக்குமுன் அரை மணி நேரம் போட்டு நிறுத்திவிடுங்கள். துணிமணி பக்கத்தில் வேண்டாம்.

ஒன்று மறக்காதீங்க: இடுக்கெல்லாம் அடைத்த அறையில் கங்கு வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூட்டத்துக்கு வராத அக்கா வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.