வாசலில் தொடங்கும் விருந்து

விருந்தினரை வரவேற்பது வீட்டிற்குரிய பண்பு என்றும், உணவகத்தில் நடப்பது வெறும் விற்பனையே என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பசித்தவர் காசு கொடுக்கிறார். கடைக்காரர் சோறு போடுகிறார். கணக்கு அத்துடன் தீர்ந்தது. அப்படியானால், ஒரே தெருவில் ஒரே விலைக்கு ஒரே தரமான பிரியாணியை விற்கும் இரண்டு கடைகளுள் ஒன்றை நோக்கியே நம் கால்கள் தாமாக நடப்பது ஏன்? அதற்கான விடை பெரும்பாலும் அடுப்பங்கரையில் இல்லை. வாசலிலும் கல்லாவிலும் நிற்பவரின் முகத்தில் இருக்கிறது.

இந்த உண்மையையே தம் தொழிலின் இலக்கணமாக வகுத்துக்கொண்ட ஓர் உணவக மேலாளரின் அனுபவம், கடை நடத்துவோருக்கு மட்டுமன்றி வீட்டிற்கு விருந்தினர் வரும் ஒவ்வொருவருக்கும் பயன் தரக்கூடியது.

ஐம்பதாம் இடமும் முதலிடமும்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1998-இல் டேனி மேயர் என்பவர் தொடங்கிய உணவகம் 'இலெவன் மேடிசன் பார்க்'. 2006-இல் இதன் பொது மேலாளராகப் பொறுப்பேற்றவர் வில் குவிடாரா. அதே ஆண்டில் தலைமைச் சமையற்கலைஞராகச் சேர்ந்தவர் டேனியல் ஹம். உலகின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் 2010-இல் இவர்களுக்குக் கிடைத்தது கடைசியான ஐம்பதாம் இடம். மற்றவர்கள் உணவின் சுவைக்காக எல்லை மீறி உழைக்கிறார்கள். அதே உழைப்பை விருந்தினரின் மனநிறைவுக்காக நாம் செலவிட்டால் என்ன என்று குவிடாரா சிந்தித்தார். 2011-இல் இருவரும் சேர்ந்து அந்த உணவகத்தை வாங்கினர். 2017-இல் அதே பட்டியலில் அது முதலிடம் பெற்றது. 2019-இல் கூட்டிலிருந்து விலகிய குவிடாரா, தம் அனுபவங்களை 2022-இல் நூலாக வெளியிட்டார்.

பணிவிடை வேறு, உபசரிப்பு வேறு

இவருக்கு இத்தொழிலில் வழிகாட்டியாக இருந்த மேயர், பணிவிடைக்கும் உபசரிப்பிற்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்தியவர். கேட்ட உணவைச் சரியான நேரத்தில் சரியான சூட்டில் கொண்டுவந்து வைப்பது பணிவிடை. அதைப் பெற்றவர் மனத்தில் என்ன உணர்வு எழுந்தது என்பதே உபசரிப்பு. முன்னதைப் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். பின்னதற்கு எதிரில் இருப்பவர்மீது அக்கறை வேண்டும்.

அந்த அக்கறையைக் குவிடாரா வாசலிலிருந்தே தொடங்கினார். உள்ளே வருபவர் முதலில் காண்பது கணினித் திரைக்குப் பின்னே குனிந்திருக்கும் ஒரு தலையாக இருக்கக் கூடாது என்று கருதி, முகப்பில் இருந்த உயர்மேசையை அகற்றினார். அன்று வரவிருப்போரின் படங்களை இணையத்தில் முன்கூட்டியே தேடிப் பார்த்து வைத்து, அவர்கள் நுழைந்ததும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். இப்படித் தேடிப் பார்ப்பது சிலருக்குக் கூச்சம் தரக்கூடும். எனினும், "வாங்க பாய், பையனுக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டதா?" என்று கேட்கும் நம் ஊர்க் கடைக்காரர், எந்தக் கணினியின் துணையுமின்றித் தம் நினைவாற்றலால் இதையே செய்துவருகிறார்.

இரண்டு டாலர் தின்பண்டம்

ஒரு நாள், ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நால்வர் இவரது உணவகத்தில் உண்டுகொண்டிருந்தனர். நகரின் புகழ்பெற்ற உணவகங்களிலெல்லாம் சாப்பிட்டுவிட்டோம். தெருவோரத்து 'ஹாட் டாக்'கை மட்டும் சுவைக்கவில்லையே என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது குவிடாராவின் காதில் விழுந்தது. அவர் ஓசையின்றி வெளியே சென்று, தள்ளுவண்டியில் இரண்டு டாலருக்கு அந்த எளிய தின்பண்டத்தை வாங்கி வந்தார். சமையற்கூடத்தில் அது நான்காக நறுக்கப்பட்டு, உயர்ந்த தட்டுகளில் அழகுறப் பரிமாறப்பட்டது. அன்று உண்ட விலையுயர்ந்த உணவுகள் அனைத்தையும்விட அவர்களை மகிழ்வித்தது அதுவே.

இன்னொரு நாள், ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பொழிந்த பனியை வியந்து பார்த்தனர். அவர்கள் பனியைக் கண்டது அதுவே முதல்முறை. உடனே புதிய சறுக்குப் பலகைகள் வாங்கப்பட்டன. உணவு முடிந்ததும் அக்குடும்பம் வாகனத்தில் சென்ட்ரல் பூங்காவிற்கு அனுப்பிவைக்கப்பட்டது.

கணக்கும் கருணையும்

இவையெல்லாம் செல்வந்தர்களின் உணவகத்தில் நடப்பவை. நாலு மேசை போட்டுக் கடை நடத்துபவருக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். குவிடாரா கைதாராளமாகச் செலவழித்து வீணாக்கியவரல்லர். செலவில் 95 விழுக்காட்டைக் காசு காசாகக் கணக்குப் பார்த்து, எஞ்சிய 5 விழுக்காட்டை விருந்தினரின் மகிழ்ச்சிக்கென்று மனமுவந்து செலவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அந்தச் சிறு பங்கிற்கு இடம் விட்டதே முந்தைய சிக்கனம்தான்.

அதைவிட முக்கியமானது, பரிமாறுகிறவரின் நிலை. மேயர் தம் நிறுவனத்தின் அக்கறைக்குரியோரை வரிசைப்படுத்தியபோது, ஊழியரை முதலிலும் விருந்தினரை இரண்டாவதாகவும் வைத்தார். முதலீட்டாளர்களுக்குக் கடைசி இடமே கிடைத்தது. குவிடாராவும் நாள்தோறும் கடை திறக்குமுன் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். தாமதமாக வந்தவரைக் கண்டதும் சீறாமல், ஏதேனும் நியாயமான காரணம் இருக்கும் என்று நல்லெண்ணம் கொள்ளுமாறு கற்பித்தார். முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடத்தும் இதே நல்லெண்ணம் வேண்டும் என்றார்.

நம் ஊர்க் கடைகளில் இலை எடுக்கும் சிறுவனை நால்வர் முன்னிலையில் ஏசிவிட்டு, அதே நாவால் "வாங்க, உட்காருங்க" என்று வாடிக்கையாளரை அழைக்கும் முதலாளிகள் உண்டு. அந்த அழைப்பில் இனிமை எப்படி இருக்கும்? ஏச்சு வாங்கிய அந்தப் பையன் அடுத்த மேசைக்கு எந்த முகத்தோடு செல்வான்?

சகோதர வாசகர்களே! உணவகம் நடத்துவோர், வருபவரைக் கண்டதும் கணக்கேட்டிலிருந்து தலையை நிமிர்த்துங்கள். தனியே வந்த முதியவருக்கு மின்விசிறியின் கீழ் இடம் பார்த்துக் கொடுங்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்க்குக் கேட்குமுன் வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள். இவற்றிற்கு முதலீடு தேவையில்லை. உண்ணச் செல்லும் நாமும், பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டு அழைத்து, எழும்போது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டு வருவோம். காலை முதல் நின்றுகொண்டே பிறருக்குச் சோறு போடும் அவர், தம் மதிய உணவை இன்னும் உண்டிருக்கமாட்டார்.