அனுப்பிய மடலின் பிரதி எங்கே இருக்கிறது?

நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வர ஒரு நாள் வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. மின்னஞ்சல் மிச்சப்படுத்தித் தரும் அந்த ஒரு நாளின் பெறுமதி தீவகத்தாருக்குத் தெரியும். ஆனால் “உங்கட மெயில் எங்களுக்கு வரேல்லையே” என்று மறுமுனையில் சொல்லிவிட்டால், கையிலிருக்கும் சாட்சி ‘அனுப்பியவை’ என்ற பெட்டிக்குள் கிடக்கும் பிரதி மட்டுமே. அது அங்கே எப்படி வந்தது என்று பெரும்பாலானோர் யோசிப்பதில்லை.

போன மடல் வேறு, அந்தப் பிரதி வேறு. மின்னஞ்சலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை ஜொன் பொஸ்டல் 1982இல் எழுதினார். ஒரு கணினியிடமிருந்து மடலை வாங்கி அடுத்ததிடம் ஒப்படைப்பது மட்டுமே அதன் வேலை. அனுப்பியவருக்குப் பிரதி வைக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. அது அவருடைய மென்பொருளின் தலையில் விழுந்தது. முதலில் மென்பொருள்கள் பிரதியை அந்தக் கணினியின் வன்தட்டிலேயே எழுதிவைத்தன. கணினி பழுதானால் அத்தனை வருட மடல்களும் போய்விடும்.

மடல்களை வழங்கியில், அதாவது சேர்வரிலேயே, வைத்துக்கொள்ளும் ஐமேப் முறையை மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே பெட்டி தெரியும் வசதி அதனால் வந்தது. ஆனால் அதற்குள் ஒரு வீண்செலவும் இருந்தது. தண்டர்பேர்ட் போன்ற ஒரு மென்பொருள் மடலை எஸ்எம்டிபி வழியாக அனுப்புகிறது. பிறகு அதே மடலை, இணைப்புகளோடு, ஐமேப் வழியாக ‘அனுப்பியவை’ பெட்டிக்கு மறுபடியும் ஏற்றுகிறது. இணைப்புக் கோப்பு மின்னஞ்சலுக்கு ஏற்ற எழுத்துகளாக மாறும்போது மூன்று பைட் நான்காகிவிடும். ஆகவே 3 மெகாபைட் ஸ்கான் ஒன்று 4 ஆகி, இருமுறை ஏறி, 8 மெகாபைட்டைத் தின்றுவிடுகிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இது சின்ன விடயமல்ல.

இரண்டு ஏற்றங்களுக்கும் நடுவில் தொடர்பு அறுந்தால் வரும் குழப்பம் இன்னும் பெரிது. மடல் போய்விட்டது; பிரதி மட்டும் பதியவில்லை. பெட்டியில் காணவில்லையே என்று அனுப்பியவர் திரும்பவும் அனுப்புகிறார். அங்கே ஒரே விண்ணப்பம் இரண்டு தரம் போய்ச் சேருகிறது. இதற்கு நேர்மாறாக, பெட்டியில் பிரதி அழகாக இருக்க, மடல் உரியவரைச் சேராமலும் போகலாம். ‘அனுப்பப்பட்டது’ என்றால் நம் பக்கத்து வழங்கி ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். மறுமுனை வழங்கி பதில் தராவிட்டால் நம் வழங்கி நான்கைந்து நாள் வரை முயன்று பார்த்துவிட்டு, ‘மெயிலர் டெமன்’ என்ற பெயரில் கைவிரிக்கும். அந்த அறிவிப்பைக் குப்பை என்று அழித்துவிடுபவர்கள் பலர். அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஜிமெயில் வேறு வழி எடுத்தது. அதன் வழங்கி மடலை அனுப்பும்போதே பிரதியையும் தானே வைத்துக்கொள்ளும். இரண்டாம் ஏற்றம் தேவையில்லை. 2004இல் அது வந்தபோது மடல்களைக் காட்டும் விதமும் மாறியது. ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாள எண் உண்டு. பதில் எழுதும்போது பழைய எண்ணும் தலைப்பகுதியில் சேர்ந்துகொள்ளும். அந்த எண்களின் உதவியோடு நாம் எழுதியதும் அவர்கள் எழுதியதும் ஒரே உரையாடலாக அடுக்கப்படுகின்றன. ‘அனுப்பியவை’ பெட்டியின் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மென்பொருள் ‘சென்ட்’ என்றது, மற்றொன்று ‘சென்ட் ஐட்டம்ஸ்’, இன்னொன்று ‘சென்ட் மெசேஜஸ்’. ஃபோனில் அனுப்பியது கணினியில் தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எது அனுப்பியவை பெட்டி என்று வழங்கியே அடையாளம் காட்டும் நெறி 2011இல்தான் வந்தது.

பிரதியின் அருமையை இந்தக் கடல் முன்பே கண்டிருக்கிறது. புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் வேலணைக்கு லெய்டன் என்றும் பெயரிட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, வெளியே போகும் கடிதங்களை எழுத்தர்களைக் கொண்டு புத்தகங்களில் பெயர்த்து எழுதிவைத்தது. கப்பல் மூழ்கலாம் என்பதால் முக்கியமான கடிதங்களின் பிரதிகள் வெவ்வேறு கப்பல்களில் போயின. கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடம் உட்பட ஐந்து நாடுகளில் பேணப்படும் அந்த ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இன்று எனக்குக் கவலை தருவது கொம்யூனிகேஷன் கடைகளில் நடப்பது. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒரு அம்மா பிள்ளையின் சான்றிதழை ஸ்கான் செய்து அனுப்பச் சொல்கிறார். கடைக்காரர் உதவும் மனத்தோடு கடையின் முகவரியிலிருந்தே அனுப்பிவிட்டால், பிரதியும் பதிலும் கடைக்குத்தான் வரும்; அந்த அம்மாவிடம் எதுவுமே இல்லை. சொந்த முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால், பிசிசி எனும் மறைபிரதி இடத்தில் உங்கள் முகவரியையோ பிள்ளையின் முகவரியையோ போடச் சொல்லுங்கள். அப்படி உங்களிடம் வரும் மடல் வெறும் பிரதியல்ல. வழியிலிருந்த ஒவ்வொரு வழங்கியும் தான் பெற்றுக்கொண்ட நேரத்தை அதன் தலைப்பகுதியில் பதித்திருக்கும். ‘அனுப்பியவை’ பெட்டியில் கிடக்கும் பிரதியில் அந்த முத்திரைகள் இருப்பதில்லை.