காயலான் கடை ஆக்ஸில் உங்கள் பழைய ஜீப் பிக்கப்புக்கு செட் ஆகுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் காடாம்புலியூர் வந்துவிட்டாலே இரண்டு பக்கமும் முந்திரியும் பலாவும்தான். தோப்புக்குள் செம்மண் தடம், வெளியே வந்தால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பை ஓட்டுபவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தோப்புக்குள் 20 கி.மீ. வேகத்தில் சமர்த்தாகப் போகும் வண்டி, மெயின் ரோட்டில் 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங்கை உதற ஆரம்பிக்கும்.

உடனே வரும் யோசனை: "ஃப்ரன்ட்டையே மாத்திடலாமா?"

அப்பா, தாத்தா காலத்து ஜீப்பைத் தூசு தட்டி ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் இப்போது அதிகம். வேறொரு வண்டியின் முன் ஆக்ஸிலையோ சஸ்பென்ஷனையோ கழற்றிப் பொருத்துவதும் அதில் ஒரு பகுதி. அப்படிப் பாகம் கொடுக்கும் வண்டிக்கு 'டோனர்' என்று பெயர். எந்த டோனர் சரி? எது ஆபத்து? சட்டம் என்ன சொல்கிறது?

முதல் கேள்வி: டோனர் நிஜமாகவே தேவையா?

பழைய வில்லிஸ் வகை ஜீப், மகிந்திரா எம்.எம். 540 போன்றவற்றில் முன்பக்கம் இருப்பது ஒரே கட்டையான 'சாலிட் ஆக்ஸில்'. அதை இரண்டு லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. வீல் திரும்புவதற்கு கிங் பின் பேரிங். அமைப்பு எளிது, தேய்மானத்துக்கு இடங்களும் தெரிந்தவைதான்.

ஸ்டியரிங் உதறலுக்கு வழக்கமான காரணங்கள் கிங் பின் பேரிங் தேய்வது, டை ராட் எண்ட் ஆடுவது, பட்டையின் புஷ் போவது, வீல் பேலன்ஸ் இல்லாதது ஆகியவை. இன்னொன்று 'காஸ்டர்' கோணம். வீல் திரும்பும் அச்சு மேல்பக்கம் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வு குறைந்தால் வண்டி நேர்க்கோட்டில் நிற்காது. பட்டை தொய்ந்தாலோ, புதுப் பட்டை தவறான உயரத்தில் போட்டாலோ இந்தக் கோணம் மாறிவிடும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம்.

ஒரு சின்னச் சோதனை. முன் வீலை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் சந்தேகம் கிங் பின் மேல். இரண்டுமே புது பாகம் போட்டால் முடிகிற வேலை. ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதில்லை.

ஆக்ஸில் குழாய் வளைந்திருந்தால், நக்கிளில் விரிசல் இருந்தால், அல்லது பாகமே கிடைக்கவில்லை என்றால்தான் டோனர் தேட வேண்டும்.

டோனரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் காயலான் கடை வரிசைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு எல்லாமே பொருந்துவதாகத்தான் தெரியும். அதனால் கையில் டேப் இல்லாமல் போக வேண்டாம். அளக்க வேண்டியவை இவை:

1. ட்ராக் அகலம்: இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இது 49 அங்குலம், அதாவது சுமார் 1,245 மி.மீ. இன்றைய வண்டிகள் இதைவிட நன்றாகவே அகலம். அகலமான ஆக்ஸிலைப் போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும். முன்னும் பின்னும் வேறு வேறு தடத்தில் ஓடும்.

2. போல்ட் வட்டம்: பழைய ஜீப்புகளில் 5 போல்ட், 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டம். 5 போல்ட் வீலில் நேரெதிராக போல்ட் இருக்காது என்பதால் இதை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள். சுமார் 82 மி.மீ. வந்தால் அதே வட்டம்தான்.

3. பட்டை உட்காரும் இடம்: இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள தூரம் டோனரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கையை வெட்டி, வேறு இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டிவரும். அதில் கோணம் கொஞ்சம் தவறினாலும் மேலே சொன்ன காஸ்டர் போச்சு.

4. கியர் விகிதம்: வண்டி ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் டிஃபரன்ஷியல் விகிதமும் பின் விகிதமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். வில்லிஸ் சி.ஜே. 3பி-யில் அது 5.38. வேறு விகிதமுள்ள முன் ஆக்ஸிலைப் போட்டு ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உடைவது டிரான்ஸ்ஃபர் கேஸாகவோ ஆக்ஸில் ஷாஃப்டாகவோ இருக்கலாம்.

5. பிரேக்: டோனரில் டிஸ்க், உங்கள் வண்டியில் டிரம் என்றால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்றதாக வேண்டும். டிரம்முக்கான சிலிண்டர், லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும். டிஸ்க்கில் அந்த அழுத்தம் பிரேக்கைப் பிடித்தபடியே வைத்திருக்கும், சூடாகும்.

தார் மாதிரி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் போடலாமா?

2010-ல் வந்த மகிந்திரா தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் கொண்ட இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். ஒரு வீல் குழியில் இறங்கினால் மற்றது அசையாது. ஓட்டுவதற்குச் சுகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பழைய ஜீப் சேசிஸில் பொருத்த வேண்டும் என்றால் சேசிஸையே வெட்டி ஒட்ட வேண்டும்.

சிக்கல் நுணுக்கமானது. கீழ் ஆர்மும் டை ராடும் மேலும் கீழும் போகும்போது ஒரே வளைவில் நகர வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஒவ்வொரு குழியிலும் வீல் தானாகத் திரும்பும். 'பம்ப் ஸ்டியர்' என்பது இதுதான். பலாப்பழ லோடோடு போகும்போது ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

அமெரிக்காவில் இதைச் செய்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பழைய ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புகளுக்கு, 2003-க்குப் பிறகு வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரின் முன்பகுதியைப் பொருத்துவது பிரபலம். ஆனால் அவர்கள் ஆர்ம், ஸ்டியரிங் ரேக், பிரேக் எல்லாம் சேர்ந்த கிராஸ் மெம்பரை அப்படியே ஒரே செட்டாகக் கழற்றுகிறார்கள். தொழிற்சாலை வடிவமைத்த கோணங்கள் கலையாமல் இருக்கின்றன. அப்படியும் ட்ராக் அகலமாகி, அதற்கேற்ற வீல் தேட வேண்டியிருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான்: ஒரு வண்டியின் ஆர்ம், இன்னொன்றின் ஸ்டியரிங், மூன்றாவதன் பிரேக் என்று கலக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகம் போடுவது பராமரிப்பு. சேசிஸை வெட்டி சஸ்பென்ஷன் வகையையே மாற்றுவது வேறு கதை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் இந்தக் கேள்வி வரும்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 'வி.ஏ.' வரிசை எண் வாங்க வேண்டுமானால், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டவோ, லோடு அடிக்கவோ முடியாது. இன்று வெட்டிவிட்டால் நாளை அந்த வழியும் அடைபடும்.

கடையில் வாங்கும்போது...

* நக்கிள், ஸ்டியரிங் ஆர்ம் ஆகியவற்றை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். வெல்டிங் தழும்போ, சூடுபட்ட நீல நிறமோ தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.
* டை ராட் எண்ட், பேரிங், பிரேக் ஹோஸ், யு போல்ட் இவற்றைப் பழையதில் வாங்காதீர்கள். புதிதாகவே போடுங்கள்.
* எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரத்தோடு பில் கேளுங்கள். திருட்டு வண்டிப் பாகம் என்றால் மாட்டிக்கொள்வது வாங்கியவரும்தான்.
* பொருத்தியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்களை மறுபடி இறுக்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பழைய ஜீப்புக்கு நல்ல டோனர் என்பது பெரும்பாலும் இன்னொரு பழைய ஜீப்தான். அதே குடும்பம், அதே அகலம், அதே விகிதம். காரில் போகிற சுகம் கிடைக்காது. ஆனால் காடாம்புலியூர் முனையில் மெயின் ரோட்டில் ஏறும்போது ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அதுதான் நல்லது.