அந்தரத்தில் ஓர் ஆசனம்

தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் ஒல்லியான ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். அடியில் நாற்காலி கிடையாது. தலைக்கு மேலே கயிறும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் கழியின் தலையில் அவருடைய ஒரு கையின் விளிம்பு பட்டும் படாமலும் இருக்கிறது. அந்தக் கையின் விரல்கள் சாவகாசமாக மாலை மணிகளை உருட்டிக்கொண்டிருக்க, இன்னொரு கை நேரே மேல்நோக்கி நிற்கிறது.

இது நடந்த ஊர் மதராஸ். கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் நேரில் பார்த்தவர் எழுதிய இந்த வர்ணனையை லண்டனின் ஏசியாட்டிக் ஜர்னல் 1829-ல் எடுத்துப் போட்டது. 1832-ல் அதே லண்டனின் சாட்டர்டே மேகசின் இந்த வித்தையைப் படத்தோடு வெளியிட்டது. அவருடைய சேஷால் என்ற பெயரையும் 'காற்றில் அமரும் பிராமணர்' என்ற பட்டத்தையும் ஆங்கில ஏடுகள் பரப்பின. மந்திர வித்தையின் உலக வரலாற்றை யார் எழுதினாலும் நம்ம ஊருக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. சென்னைக்காரர்களில் அதை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்று பெரிய நகரங்களில் மந்திரவாதி உலகத்தையே செட் போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். ஹாலிவுட்டில் 1963-ல் திறந்த மேஜிக் கேஸில் என்ற மாளிகையில் இரவு உணவை முடித்துக்கொண்டு அறை அறையாகப் போய் வித்தை பார்க்கலாம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2010 முதல் ஹாரி பாட்டர் உலகத்துக்கென்றே தனி வளாகம் இருக்கிறது; கதையில் வரும் பட்டர்பியரை அங்கே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கலாம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய மதராஸில் ஏற்பாடு நேர்மாறாக இருந்தது. வித்தைக்காரர் வீடு தேடி வருவார். அடையாற்றங்கரை, மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் பக்கமெல்லாம் கம்பெனி அதிகாரிகள் பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு வாழ்ந்த காலம் அது. கிரீன்வேஸ் சாலைப் பக்கம் அரசு இசைக் கல்லூரி இயங்கிவந்த பிராடி கேஸில் அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று. 'எந்தக் கனவான் வீட்டிலும் இவர் செய்து காட்டுவார், பணத்துக்காக அல்ல, மரியாதைக்காக' என்று அந்தப் பழைய செய்தி சொல்கிறது.

அவர் கொண்டுவந்த சாமான்கள் ஒரு சின்னப் பையில் அடங்கின. பலகை ஒன்று. அதற்கு நாலு முளைகளைச் செருகினால் நீளவாக்கில் ஒரு பெஞ்சு மாதிரி நிற்கும். பலகையின் மேல் சின்னப் பித்தளைக் கிண்ணம், அதில் செங்குத்தாக ஊன்றிய உள்ளீடற்ற மூங்கில், மூங்கிலின் தலையில் கக்கத்தில் ஊன்றும் கட்டையைப் போன்ற ஒரு குறுக்குப் பிடி, அதைப் போர்த்த ஒரு தோல். அவ்வளவுதான். பையைத் திறந்து எல்லோருக்கும் காட்டிவிடுவார். பிறகு வீட்டு வேலைக்காரர்கள் அவர் முன்னால் ஒரு போர்வையைத் திரையாகப் பிடிப்பார்கள். போர்வையை இறக்கும்போது மனிதர் அந்தரத்தில் இருப்பார். மறுபடி போர்வை ஏறும். தோற்பையிலிருந்து காற்று வெளியேறுவதுபோல ஒரு களகளச் சத்தம் கேட்கும். போர்வை விலகினால் தரையில் நின்றுகொண்டிருப்பார்.

ரகசியம் பிற்பாடு அச்சில் வந்தது. பலகையில் அலங்காரம் போலப் பித்தளையில் இரண்டு நட்சத்திரங்கள் பதித்திருந்தன. கம்பி செருகும் குழிகளை அவை மறைத்தன. மூங்கிலுக்குள்ளே ஓர் எஃகுக் கம்பி ஓடியது. அதன் தலையில் இன்னொரு கம்பி திருகி மாட்டப்பட்டு, தோலுக்கு அடியில் ஒளிந்து, சட்டைக் கைக்குள் நுழைந்து, கையோடு மேலேறி, முதுகு வழியாக இறங்கி, இடுப்புக்குக் கீழே வட்டமான ஒரு இருக்கையாக முடிந்தது. அவர் காற்றில் உட்காரவே இல்லை. ஆடைக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

'ச்சே, இவ்வளவுதானா!' என்று இந்த இடத்தில் பலர் கட்டுரையை மடித்து வைத்துவிடுவார்கள். எனக்கோ அதிசயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நாற்காலியைச் செய்து பாருங்கள், எத்தனை கஷ்டம் என்று தெரியும்.

வீட்டு பால்கனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வெறுமையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடப் பொறியாளர்கள் கேன்டிலீவர் என்பார்கள். அதில் எடையைவிடப் பெரிய வில்லன், அந்த எடை பிடிமானத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. 60 கிலோ ஆள் ஒருவர் கழியிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 24 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமமான வளைப்பு விசை உண்டாகும். செங்குத்தாக நிற்கும் கழியில் இந்த விசை அடி முதல் தலை வரை ஒரே அளவாக இருக்கும். எங்கேயும் சலுகை இல்லை. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள சாதாரண எஃகுக் கம்பி இந்த விசைக்கு நிரந்தரமாக வளைந்தே போய்விடும். 3 சென்டிமீட்டர் கம்பி எளிதாகத் தாங்கும். உருண்டைக் கம்பி நிரந்தரமாக வளையாமல் வளைப்பைத் தாங்கும் வலு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. விட்டத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் வலு மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். ஆனால் கம்பி தடித்தால் மூங்கிலும் தடிக்க வேண்டும், சட்டைக் கையும் புடைத்துவிடும், வித்தை அம்பலமாகிவிடும்.

நேரில் பார்த்தவரின் அந்த வர்ணனையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: மனிதர் வயதானவர், மெலிந்த உடல்வாகு. எழுதியவர் அதைத் தோற்றத்துக்காகச் சொன்னார். எனக்கு அதுதான் இந்தக் கருவியின் வரைபடத்தைப் பாதி காட்டிக்கொடுக்கும் வரி. ஆள் 45 கிலோதான் என்று வையுங்கள். உடம்பைக் கழிக்கு நெருக்கமாக வைத்து 30 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டார் என்றும் வையுங்கள். முன்பு 24 கிலோ இருந்த இடத்தில் 13.5 கிலோ. கிட்டத்தட்டப் பாதி! அதே 2 சென்டிமீட்டர் கம்பி இப்போது முறியாமல், வளைந்து கெடாமல் தாங்கிவிடும். சற்றே சாயும், அவ்வளவுதான். சாய்வையும் குறைக்க வேண்டுமானால் கம்பியின் விட்டத்தை ஒரு நூல் கூட்டினால் போதும். ஒல்லியான உடம்பும் கழியை ஒட்டி உட்காரும் முறையும் அந்த இயந்திரத்தின் உறுப்புகள்.

அடுத்த சிக்கல் கவிழ்வது. கம்பி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பலகை ஆட்டம் கண்டால் ஆள் விழுந்துவிடுவார். ஆளும் கழியும் பலகையும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது நாலு முளைகளுக்கு நடுவே விழ வேண்டும். வெளியே போனால் கவிழ்ப்பு. இவ்வளவு லேசான பலகையைக் கனத்தை ஏற்றி நிலைநிறுத்த முடியாது. அதனால்தான் அது நீளமாக இருந்திருக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது கழி ஊன்றும் பீடம். உண்மையில் ஆளின் பாரம் இறங்கும் அடித்தளம். இன்றைக்குச் சிலை வேடத்தில் காற்றில் உட்காரும் கலைஞர்கள் இதே வேலைக்குக் கனமான இரும்புத் தகட்டைக் கம்பளத்துக்கு அடியில் விரிக்கிறார்கள்.

மணி உருட்டும் விரல்களையும் சும்மா விட்டுவிடக் கூடாது. பாரம் முழுவதும் அந்தக் கை வழியாகத்தான் கழிக்கு இறங்குகிறது. பாரம் சுமக்கும் கை விறைப்பாகத் தெரியும் என்பது நம் எல்லோருடைய அனுபவம். அந்தக் கையே சாவகாசமாக ஜபம் பண்ணினால்? கண் அந்தக் கையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அப்போதே நீக்கிவிடும். மேலே கயிறைத் தேடுவோம், கீழே முட்டுக்கொடுத்ததைத் தேடுவோம். பக்கத்தைத் தேட மாட்டோம். போர்வைக்குப் பின்னால் கேட்ட களகளச் சத்தமும் இதே வேலையைச் செய்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. உடம்புக்குள் காற்றை அடைத்து எழும்பினார், இறங்கும்போது காற்று போகிறது என்று பார்ப்பவர்கள் தாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்ள அந்தச் சத்தம் போதும். கம்பியைத் திருகிக் கழற்றும் ஓசையையும் அது விழுங்கிவிடும்.

வித்தை கடல் கடந்தது. பாரிஸில் கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து மேடைக்கு வந்தவர் ழான் யூஜின் ரொபேர்-ஊதேன். பாலே ருவாயாலில் 1845-ல் தனக்கென்று சின்ன அரங்கம் அமைத்தார். பின்னாளில் ஹூடினி தன் பெயரை அமைத்துக்கொண்டது இவர் பெயரிலிருந்துதான். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்தைக் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. அடுத்த வருஷமே ரொபேர்-ஊதேன் தன் இளைய மகனை மேடையேற்றினார். பையனின் மூக்கருகே ஒரு குப்பியைப் பிடிப்பார். மேடைக்குப் பின்னால் ஈதரைச் சூடான இரும்பில் ஊற்றுவார்கள், வாசனை அரங்கத்துக்குப் பரவும். பையன் மயங்கியதுபோலத் தலை சாய, காலுக்குக் கீழிருக்கும் முக்காலியை அப்பா எடுத்துவிடுவார். ஒரு முழங்கை மட்டும் கைத்தடியின் மேல். பிறகு பையனைச் சுண்டுவிரலால் தூக்குவதுபோலக் கிடைமட்டமாக உயர்த்துவார். அப்படியே நிற்பான். குழந்தைக்கு மருந்து கொடுத்து வதைக்கிறார் என்று கோபக் கடிதங்கள் வந்ததை ரொபேர்-ஊதேனே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அடிப்படை அதே மதராஸ் கருவி. கடிகாரக்காரர் சேர்த்தது, ஆடைக்குள் இருந்த சட்டகத்துக்கு ஒரு மூட்டும், படிப்படியாக உயர்த்தி நிறுத்தும் பல்சக்கரப் பூட்டும். இதன் மூலம் நம் ஊர்தான் என்பது மந்திர வரலாற்றாசிரியர்கள் பலருடைய கருத்து.

ரொபேர்-ஊதேன் பெயர் தாங்கிய அரங்கத்தை 1888-ல் விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் மெலியே. மேடை வித்தையை அப்படியே சினிமா கேமராவுக்குள் கொண்டுபோய்த் தந்திரக் காட்சிகளுக்குத் தந்தையானவர் அவர். மேடையில் போர்வை செய்த வேலையைத் திரையில் வெட்டி ஒட்டும் படச்சுருள் செய்தது. வடபழனி வாகினி ஸ்டூடியோவில் உருவாகி 1957-ல் வந்த மாயா பஜாரில் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாகக் காலி பண்ணும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லட்டுகள் தட்டிலிருந்து தாமாகவே எழும்பி வாய்க்குள் போகும். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணம். சாப்பாடும் மந்திரமும் சேர்ந்த விருந்துக்கு அதற்கு மேல் ஒரு காட்சியை எந்தத் தீம் உணவகமும் இதுவரை தரவில்லை என்பேன்.

நாட்டுப்புறத்தில் பழைய வித்தை அழியவில்லை. 1936 ஜூனில் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் தென்னிந்தியாவில் எடுத்த வரிசைப் படங்களை வெளியிட்டது. வித்தைக்காரர் சுப்பையா புலவர். எழுதியவர் பிளங்கெட் என்ற தோட்டத் துரை. கூடாரத் துணி விலகியதும் புலவர் கிடைமட்டமாகப் படுத்த நிலையில் அந்தரத்தில் இருக்கிறார். துணி சுற்றிய ஒரு குச்சியின் தலையில் ஒரு கை படிந்திருக்கிறது. துரை சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தார், ஒன்றும் பிடிபடவில்லை. நூறு வருஷத்துக்கு முன் மூங்கிலும் தோலும் செய்த வேலையை இங்கே அந்தத் துணி சுற்று செய்தது என்று படத்தைப் பார்க்கும்போது புரிகிறது.

இன்று சென்னையில் கல்யாண வரவேற்பு, மால் திறப்பு, பள்ளி விழா என்று பொன் வண்ணமோ வெள்ளி வண்ணமோ பூசிய சிலை மனிதர்கள் காற்றில் உட்காருவதைப் பார்க்கலாம். பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். கழியைப் பிடித்த கையின் சட்டை மடிப்பு, மற்றக் கை அசையும்போதுகூட அசையாது. பெரும்பாலும் அது கையுறைக்குள் திணித்த பொய்க் கை, நிஜக் கை அங்கிக்குள் இருக்கும். கழியின் அடி கம்பளத்தைத் தொடும் இடத்தில் கம்பளம் விறைப்பாக இருக்கும், காற்று அடித்தாலும் நுனி மட்டுமே படபடக்கும். மூன்றாவது, ஆடை. தொளதொளவென்று தரை நோக்கித் தொங்கும் அங்கி இல்லாமல் இந்த வித்தையைச் செய்ய முடியாது.

ஆனால் ஏறி உட்காருவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். இருக்கை சின்னது, தொடையின் பின்பக்கத்தை அழுத்தும், ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும். அசைந்து உட்கார வழியில்லை. அசைந்தால் கம்பி அதிரும், கழி ஆடும். புலவர் கீழே வந்ததும் அவருடைய கை கால்களை மடக்கவே முடியவில்லை என்று பிளங்கெட் எழுதினார், அவர் அதை யோக நிலை என்று எடுத்துக்கொண்டார். விறைப்பில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு மரத்துப்போன தசை என்பதைச் சட்டகத்தில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். வரவேற்பு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் புன்னகையோடு அந்தரத்தில் இருக்கும் கலைஞரை இறக்கும்போது உதவியாளர்கள் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். கம்பியை மறைக்க ஒரு காரணம். கால் உணர்வு திரும்பும் வரை அவர் நிற்க முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம்.